நேருக்கு நேர் பார்க்கிறார்

உட்காருங்கள் அண்ணாச்சி. நன்றாகச் சாய்ந்தே உட்காருங்கள். தென்காசியிலிருந்து இந்தச் சீட்டு காலியாகத்தான் வருகிறது. ஏறுகிறவர்கள் கிட்டே வருகிறார்கள், என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார்கள், அப்புறம் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கடையநல்லூரில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். ஜன்னலோரம் வேண்டுமானாலும் தருகிறேன் என்று நானே எழுந்தேன். பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு டிரைவர் பக்கம் போய்விட்டாள். அவ்வளவு மரியாதை.

பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு மாதமாக எனக்கு இப்படித்தான் நடக்கிறது. நீங்களும் ஏறியதிலிருந்து எதிர் ரோட்டைத்தான் பார்க்கிறீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. கூச்சப்படாதீர்கள், எனக்குப் பழகிவிட்டது. அப்படியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

பையில் எலுமிச்சங்காயா? வாசனை தூக்குகிறது. புளியங்குடியில் ஏறும்போதே நினைத்தேன். மதுரைக்கா? நல்லதாகப் போயிற்று. நானும் மதுரைக்குத்தான். பதினொரு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. அதை முடித்துக்கொண்டு எங்கள் கல்லூரி நிர்வாகத்தின் தலைமை ஆபீசில் ஒரு கவரைக் கொடுக்கவேண்டும். இன்றைக்குக் கடைசி நாள். கவர் பத்திரமாக இந்தப் பைக்குள்ளே இருக்கிறது. அதிலே ஒருத்தியின் வேலை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் சிவசைலம். கல்லூரி ஆபீசில் சூப்பிரண்டு. ஐம்பத்திரண்டு முடிந்து ஐம்பத்துமூன்று நடக்கிறது. ஐந்தாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன் அண்ணாச்சி. அப்போது சோடாபுட்டி. வேலையில் சேர்ந்த பிறகு 'கண்ணாடி சார்'. பையன்கள் மட்டும் இல்லை, வாத்தியார்களே அப்படித்தான் சொல்வார்கள். 'அந்த ஃபைல் கண்ணாடிட்ட இருக்கும்' என்பார்கள். எங்கள் ஆபீஸ் சுவரில் வருஷா வருஷம் எடுத்த குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. இருபத்தாறு போட்டோ. இருபத்தாறிலும் நான் இருக்கிறேன். என் கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். ஃப்ளாஷ் பட்டு மின்னிவிடுகிறது.

நான் கொஞ்சம் என்னையே கேள்வி கேட்டுக்கொள்கிற ஆள். என் வீட்டுக்காரி உலகம்மை சொல்வாள், 'மத்தவுக வெத்தல போடுதாக, நீங்க உங்களயே போட்டு மெல்லுதீங்க' என்று. ஒருநாள் அந்தப் போட்டோக்களுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன். சிவசைலம், இந்த ஆபீசில் உன் கண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா? உன் பேச்சை யாராவது காதில் வாங்கியிருக்கிறார்களா? கக்கூஸ் வாசலை ஒட்டிப் போட்டிருக்கிற என் மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று பதினோரு வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன். நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடிதான் காரணம் என்று தோன்றியது. உடனே லேசர் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

உலகம்மை கேட்டாள், "இந்த வயசுல என்னத்துக்கு? யாரு பொண்ணு தரப் போறா உங்களுக்கு?"

டாக்டர் சின்னப் பெண். அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டது. "தூரப் பார்வை சரியாயிடும் சார். ஆனா உங்க வயசுக்கு வாசிக்கிறதுக்கு எப்படியும் கண்ணாடி வேணும்." அப்படியென்றால் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு இன்னொரு கண்ணாடி. எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் செய்துகொண்டேன். ஆபீசில் மூச்சுக் காட்டவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் கண்ணுக்கு அழகு பார்த்தான் என்றால் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓட்டுவார்கள் இல்லையா? சொந்த வேலை என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கண்ணுக்குள் யாரோ ஆற்றுமணலை அள்ளிப் போட்டு இமையால் அரைக்கிற மாதிரி. கண்ணீர் ஊறுவதற்குச் சொல்கிற நரம்பு அறுபட்டிருக்கிறதாம். அது மறுபடி பிடிக்க மாசக்கணக்காகுமாம். அதுவரைக்கும் கண்ணீரைக் கடையில் வாங்கி ஊற்றவேண்டும். சின்னச் சின்னக் குப்பி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. ஊற்றாவிட்டால் சிவப்பு. எப்படிப்பட்ட சிவப்பு என்கிறீர்கள்? கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவன் கண் மாதிரி. சரி சரி, பார்க்கவேண்டாம். சொன்னால் போதும் உங்களுக்கு.

லீவு முடிந்து முதல் நாள் போகிறேன். இசக்கி டீ கொண்டுவந்தான். இசக்கி எங்கள் ஆபீஸ் உதவியாளர். என் மேஜையில் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு, என் பேனாவையே எடுத்துக் காது குடைந்துகொண்டு, முந்தின நாள் கிரிக்கெட்டைப் பற்றி என்னிடமே விளக்குகிற ஆள். அன்றைக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

"சார், கண்ணாடிய எங்க?"

"டாக்டர் போடக் கூடாதுன்னுட்டாரு."

"கண்ணு..." என்று இழுத்தான்.

"கண்ணுக்கு என்னலே?" என்று கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். வெறுமனே பார்த்தேன் அண்ணாச்சி, வேறு ஒன்றும் செய்யவில்லை. சடக்கென்று தலையைக் குனிந்துகொண்டு இரண்டு எட்டு பின்னால் போனான். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல சார்" என்று டீயை மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு ஓடியே போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கு மட்டும் தினமும் புதுப் பேப்பர் கப். மற்றவர்களுக்கெல்லாம் அதே பழைய கண்ணாடி டம்ளர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் என் கண்ணுக்குள் இப்படி ஒரு வேகம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

இந்த ஐப்பசி மழைக்கு ஊரில் கண்நோய் வேறு. எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பயல்கள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆபீசிலும் நாலைந்து பேர் லீவு. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். ஆள் குறைந்த நேரத்தில் ஓர் ஆபீசை ஒழுங்குக்குக் கொண்டுவருவது சுலபம்.

எப்படி ஒழுங்குக்கு வந்தது என்கிறீர்கள்? இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது. என் ஸ்டேப்ளரை ஒருத்தரும் தொடவில்லை. நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆள் சொந்தப் பேனாவோடு வந்து, ரிஜிஸ்டரின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கையெழுத்துப் போடுகிறார். அப்படி ஒரு பயபக்தி. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேஜை முழுவதும் எனக்குத்தான்.

ஒருநாள் மாணவர் தலைவன் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மனு கொடுக்க வந்தான். எப்போதும் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவான். நான் பேனாவை மூடிவைத்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். அடுத்தவன் கண்ணைப் பார்த்தேன். வரிசையாக ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறாவது ஆளிடம் வருவதற்குள் வாசல் காலி. மனுவை நிலைப்படியில் வைத்து மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, "பெறவு வாரோம் சார்" என்று போய்விட்டார்கள்.

இதெல்லாம் கிடக்கட்டும். பிரின்சிபால் அம்மாவைச் சொல்கிறேன். மேஜை விஷயத்தைப் பன்னிரண்டாவது தடவையாக எழுதி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கதவுப் பக்கம் நிற்கும்போதே கையை நீட்டி மறித்தார். "அங்கேயே சொல்லுங்க சார், அங்கேயே சொல்லுங்க." சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். "மேஜைதானே? மாடில பழைய ஸ்போர்ட்ஸ் ரூம் இருக்கு. இன்னைக்கே மாத்திருவோம். நீங்க கீழ வரவே வேண்டாம். ஃபைல் எல்லாம் மேல வரும். லீவு வேணும்னாலும் தாராளமா எடுத்துக்கங்க." எடுக்கவில்லை. இப்படி ஒரு மரியாதை கொடுக்கிற இடத்தில் லீவு எடுத்தால் நன்றாகவா இருக்கும்?

தனி அறை அண்ணாச்சி! பதினோரு வருஷம் நகராத மேஜை, ஒரே மத்தியானத்தில் மாடி ஏறிவிட்டது. சுவரில் வாலிபால் வலை தொங்குகிறது, அது ஒன்றுதான் குறை. ஃபைலை மாடிப்படி அடியில் வைத்துவிட்டு மணி அடிப்பார்கள். நான் இறங்கிப்போய் எடுத்துக்கொள்வேன்.

இப்படி ஊரே தலை குனிகிறது. என் வீட்டில் மட்டும் கதை வேறு. உலகம்மை காலையிலும் ராத்திரியிலும் சொட்டு விடுவாள். சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி என் தாடையைப் பிடித்து அண்ணாத்துவாள். இரண்டு விரலால் இமையைப் பிரித்து, நாலு விரல்கடை தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணுக்குள்ளேயே பார்ப்பாள். ஒருநாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலேஜையே அடக்குகிற பார்வை, இவளிடம் மட்டும் ஏன் செல்லவில்லை? பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"முழிக்காதீங்க. சொட்டு வெளிய போயிரும்" என்றாள்.

இதுவா சிவகிரி? ராஜபாளையத்தில் டீ குடிக்க நிறுத்துவான். அதற்குள் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் அந்த மாடி அறையில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன். நான் என்னை ஏமாற்றிக்கொள்கிற ஆள் இல்லை. சிவசைலம், உண்மையைச் சொல். இவர்கள் பயப்படுவது உனக்கா, உன் கண்ணுக்கா? நன்றாக யோசித்தால், கண்ணுக்குத்தான். அப்படியென்றால் சிவப்பு போய்விட்டால்? வாலிபால் வலையை அங்கேயே விட்டுவிட்டு மறுபடியும் கக்கூஸ் வாசலா? மறுபடியும் கண்ணாடி சார், இல்லை, இப்போது கண்ணாடியும் இல்லை, வெறும் சார். அன்றோடு ஆபீசில் சொட்டு விடுவதை நிறுத்திவிட்டேன். குப்பி குறையவில்லை என்றால் உலகம்மை கண்டுபிடித்துவிடுவாள். அதனால் மாடி வராந்தாவில் இருக்கிற குரோட்டன்ஸ் தொட்டியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊற்றிவிடுவேன். என் கண்ணீரைக் குடித்தே அது தளதளவென்று வந்துவிட்டது.

தப்புதான். தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மதுரைக்குப் போயிருந்தபோது டாக்டர் கீழிமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் உட்காரவைத்தது. கண்ணீரை அளக்கிற காகிதமாம். மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து நனையவேண்டுமாம். எனக்கு மூன்று. ஐம்பத்திரண்டு வருஷத்து மனுஷனுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணீர். "கருவிழி மேல புள்ளி புள்ளியா காயம் இருக்கு சார். இப்படியே போனா தழும்பாயிடும். தழும்பு விழுந்தா பார்வை மங்கும், அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ட்ராப்ஸ் ஒழுங்கா விடுறீங்களா, இல்லையா?" என்று கேட்டது.

விடுகிறேன் என்றேன். இன்றைக்கும் அதையே கேட்கும். என்ன சொல்வது? மருந்தை ஒழுங்காக விட்டால் கண் பிழைக்கும், மரியாதை போகும். விடாவிட்டால் மரியாதை நிற்கும், கண் போகும். நீங்கள் வியாபாரி, நாலையும் எடைபோடத் தெரிந்தவர். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, யோசித்துச் சொல்லுங்கள். நான் கவர் விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஆபீசில் ஜெபசெல்வி என்று ஒரு டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பதவிக்கு அதுதான் பெயர். எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. வருஷம் ஒருமுறை நான் 'நடத்தை திருப்தி' என்று எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் புதுப்பிக்கும். புருஷனுக்கு முதுகில் அடிபட்டு வீட்டில் இருக்கிறான். ஒரு பெண் பிள்ளை. இவள் வேலைதான் அந்தக் குடும்பத்துக்கு. பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆபீசில் எல்லோரும் தலை குனிகிறபோது இவள் ஒருத்தி மட்டும் குனியவில்லை அண்ணாச்சி! மற்றவர்கள் படியடியில் ஃபைலை வைத்தால், இவள் படியேறி வந்து என் கையிலேயே கொடுக்கிறாள். என் கண்ணையே பார்க்கிறாள். நேருக்கு நேர். நான் முறைத்தால் கூர்ந்து பார்க்கிறாள்.

"சார், கைய கண்ணுட்ட கொண்டு போவாதீங்க" என்கிறாள். ஒரு டைப்பிஸ்ட் சூப்பிரண்டைப் பார்த்து!

போன வாரம் உச்சம். "இப்படி இருக்கையில ஏன் சார் வாறீங்க? நாலு நாள் வீட்ல இருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டாள். என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாள்! அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு எழுதிவிட்டேன். ஒன்று, அலுவலகத் தாள்களை வீணாக்குகிறார். இரண்டு, மேலதிகாரியிடம் பணிவு இல்லை, நேருக்கு நேர் பார்க்கிறார். ஆகவே புதுப்பிக்கப் பரிந்துரைக்க இயலவில்லை.

எழுதிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. ஒருவேளை அவசரப்பட்டுவிட்டோமோ என்று மூன்று நாள் என்னையே கேட்டேன். மனச்சாட்சி உள்ளவன் ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது இல்லையா? அதனால் ஆதாரத்தையும் சேர்த்துக் கவரில் போட்டுவிட்டேன். பதினாறு தாள். எல்லாம் அவள் பிரின்டரில் பாழானது. எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? அது ஒரு தனி வேடிக்கை.

நான் மாடிக்குப் போன மறுநாளிலிருந்து தினமும் காலையில் என் மேஜையில் பூ இருக்கும் அண்ணாச்சி. வெள்ளைப் பூ, நந்தியாவட்டை, நாலைந்து. ஒரு தாளில் மடித்து வைத்திருக்கும். யார் வைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வைக்கிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆபீசே சேர்ந்து முறைபோட்டு வைக்கிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு என்று வைத்துக்கொள்ள மனசு வரவில்லை, சுவரில் இருக்கிற சரஸ்வதி படத்துக்கு வைத்துவிடுவேன். அந்தத் தாள் இருக்கிறதே, அது இவள் தப்பாக அடித்துப் பாழாக்கியது. குப்பைக் கூடையிலிருந்து இசக்கி எடுத்து மடித்திருப்பான். எல்லாவற்றிலும் பேனாக் கிறுக்கல் வேறு, தப்பைத் திருத்திய கிறுக்கல். இந்த ஜெபசெல்வி இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டு நாளும் பூ இல்லை. பார்த்தீர்களா, ஒரு ஆள் லீவு போட்டால் மொத்த ஆபீசுக்கும் ஒழுங்கு தளர்ந்துபோகிறது.

என்ன அண்ணாச்சி? ஆமாம், நந்தியாவட்டைதான். நிச்சயமாகத் தெரியும். ஏன் கேட்கிறீர்கள்?

கண்ணுக்கா? கண்ணுக்கு எதற்கு?

அப்படியா. எங்கள் வீட்டுப் பக்கம் அந்த வழக்கம் இல்லை. இருங்கள், தாளையே எடுத்துக் காட்டுகிறேன். கவரை இன்னும் ஒட்டவில்லை. இதோ. நீங்களே பாருங்கள், எத்தனை பிழை, எவ்வளவு வீண். இந்த நீலக் கிறுக்கலா? எனக்குக் கிட்டத்து எழுத்து மசமசவென்றுதான் தெரியும். வாசிக்கிற கண்ணாடியை ஆபீசுக்குக் கொண்டுபோவதில்லை. லேசர் செய்தவன் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி? ஃபைலைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்துவிடுவேன். அதுவும் ஒரு தோரணையாகத்தான் இருக்கும்.

எழுதியிருக்கிறதா? என்ன எழுதியிருக்கிறது? வாசியுங்கள் பார்ப்போம்.

'சார், ராத்திரி படுக்கையில் இந்தப் பூவைக் கண் மேல் வைத்துத் துணியால் கட்டவும். குளிர்ச்சி. ஜெ.'

அடுத்ததை வாசியுங்கள்.

'சார், நீங்கள் கசக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். கசக்கக் கூடாது. ஜெ.'

இது?

'எங்கள் பாப்பாவுக்கு மெட்ராஸ் ஐ வந்து நாலே நாளில் போய்விட்டது. உங்களுக்கு ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? டாக்டரிடம் காட்டுங்கள் சார்.'

மெட்ராஸ் ஐயா? இல்லை அண்ணாச்சி, இது லேசர். ஆபரேஷன். இந்தப் பெண் என்னவோ தப்பாக...

நீங்களும் அதுதான் என்று நினைத்தீர்களா?

அதனால்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறீர்களா? பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்றா?

கொஞ்சம் இருங்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன்.

இசக்கி இரண்டு எட்டு பின்னால் போனானே. அந்தப் பேப்பர் கப். பிரின்சிபால் அம்மா பார்த்த காலண்டர். ரிஜிஸ்டரை இரண்டு விரலால் பிடித்தார்களே. நிலைப்படியில் வைத்த மனு. அந்தக் கைக்குழந்தை... நான் எழுந்து வேறு நின்றேன், ஐயோ. ஃபைலைக் கீழே வைத்து மணி அடிப்பார்களே அண்ணாச்சி! அந்த அறையில் என்னைப் பூட்டாததுதான் பாக்கி!

சிரிக்கலாம், சிரிக்கலாம். எனக்கே சிரிப்பு வருகிறது. நீங்கள் சிரித்தால் என்ன? முப்பது நாள் ராஜாவாக இருந்தேன், இல்லையா? வாலிபால் வலைக்கு ராஜா.

ராஜபாளையம் வந்துவிட்டதே. டீக்கு இறங்கவேண்டுமா? இறங்குங்கள், நான் வரவில்லை. இந்தக் கண்ணோடு டீக்கடைக்கு வந்தால் கடையே காலியாகிவிடும்.

வந்துவிட்டீர்களா? எனக்கும் வாங்கி வந்தீர்களா? பேப்பர் கப்பில்! நல்ல ஆள் நீங்கள்.

நீங்கள் போனபோது வாசிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினேன். உலகம்மை பைக்குள் போட்டுத்தான் அனுப்பியிருந்தாள், உறை தைத்து. பதினாறு தாளையும் நானே வாசித்தேன். இந்தக் கடைசித் தாள், நேற்று வைத்தது. பாருங்கள். இல்லை, இதை நானே வாசிக்கிறேன்.

'சார், யாரும் உங்களைப் பார்க்காமல் போகிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். பார்த்தால் ஒட்டாது. அது அவர்களுக்குத் தெரியவில்லை. ஜெ.'

புரிகிறதா அண்ணாச்சி? நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். மெட்ராஸ் ஐ என்றுதான் அவளும் நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் படியேறி வந்து பார்த்திருக்கிறாள். வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு. நான் அவளை முறைத்திருக்கிறேன். இந்தத் தாளையெல்லாம் அவளுக்கு எதிராக வரிசையாக அடுக்கி, பின் அடித்து... பிரித்துப் பார்க்காமலே நிர்வாகத்தின் மேஜையில் வைத்திருப்பேன். அவர்கள் வாசித்திருப்பார்கள். என் லட்சணம் தெரிந்து, அது வேறு கதை ஆகியிருக்கும்.

இதோ நான் எழுதியது. கிழித்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகப் போடவேண்டாம், பைக்குள்ளேயே கிடக்கட்டும். அந்த ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வெள்ளைத்தாள் வாங்கி, இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து புதிதாக எழுதுவேன். நடத்தை மிகத் திருப்தி. கட்டாயம் புதுப்பிக்கவேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றப் போவதில்லை. 'நேருக்கு நேர் பார்க்கிறார்.' அது அப்படியே இருக்கட்டும். நிர்வாகம் என்ன அர்த்தம் என்று கேட்டால் கேட்கட்டும்.

ஆபீசிலும் சொல்லிவிடவேண்டியதுதான், லேசர் என்று. ஓட்டுவார்கள். இசக்கி மறுபடியும் என் பேனாவால் காது குடைவான். குடையட்டும். அந்த அறையை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு இல்லை. மேஜை மட்டும் மேலேயே இருக்கட்டும் என்று கேட்டுப் பார்க்கலாமா? என்ன நினைக்கிறீர்கள்? அதுவும் ஆசைதான், இல்லையா? சரி, விடுங்கள்.

அண்ணாச்சி, ஒரு உதவி. மதுரைக்குப் போவதற்குள் சொட்டு விட்டாகவேண்டும். அந்த டாக்டரிடம் குரோட்டன்ஸ் கதையைச் சொல்லத்தான் போகிறேன். திட்டும், வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் இன்றைக்காவது விட்டுக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். எனக்கு நானே விட்டால் பாதி கன்னத்தில்தான் விழும். பஸ் வேறு நிற்கிறது, கிளம்புவதற்குள் விட்டுவிடலாம். நீங்கள் விடுகிறீர்களா? ஒட்டாது. சத்தியமாக ஒட்டாது. லேசர்.

ஐயோ, இருங்கள், இருங்கள். முதலில் கையைக் கழுவுங்கள். எலுமிச்சங்காய் பிடித்த கை! இந்தாருங்கள் தண்ணீர், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுங்கள், நான் ஊற்றுகிறேன். நன்றாகத் தேயுங்கள். என் துண்டிலேயே துடைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் குப்பி. இப்படி முனையைத் திருகவேண்டும். தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயப்படாமல் பிடியுங்கள், என் வீட்டுக்காரி இதைவிட அழுத்திப் பிடிப்பாள். இரண்டு விரலால் இமையைப் பிரியுங்கள். இன்னும் கிட்டே வரவேண்டும். தள்ளி நின்றால் மூக்கில்தான் விழும். ஆங். அப்படித்தான்.

என்ன பார்க்கிறீர்கள்? ரொம்பச் சிவப்பா?

ஈரமாக இருக்கிறதா? இல்லையே, இன்னும் சொட்டு விடவில்லையே நீங்கள்.

என்ன? முழிக்காதே என்கிறீர்களா?

சரி அண்ணாச்சி. முழிக்கவில்லை. விடுங்கள்.